போயிட்டு வா, பூங்காவனம்

டமார்!

அடுக்கி வைத்த அலுமினிய டம்ளர்கள் மொத்தமும் சரிந்து, சமையற்கட்டிலிருந்து கூடத்துக்கு உருண்டோடி வந்தன. அதில் ஒன்று கமலாட்சியின் காலடிக்கு வந்து, சுற்றிச் சுற்றி ஆடி, மெதுவாக அடங்கியது.

குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். கைகொட்டிச் சிரித்தார்கள். "இன்னொரு தபா போடு, ஆயாம்மா!" என்று ஒரு வாண்டு கத்தியது.

கமலாட்சி ஒன்றும் பெரிதாகக் கேட்டுவிடவில்லை. "அம்சா, பிள்ளைங்களைவிட ஒரு டம்ளர் கூட இருக்குதே, யாருக்கு?" என்று சாதாரணமாகத்தான் கேட்டாள். கேட்டு வாய் மூடவில்லை, அதற்குள் அந்தச் சத்தம்.

"கை வழுக்கிடுச்சி டீச்சர். சூடு" என்றாள் அம்சா, குனிந்து பொறுக்கிக்கொண்டே.

டம்ளர்கள் காலியாக இருந்தன. பால் இன்னும் அடுப்பைவிட்டே இறங்கவில்லை.

கமலாட்சி அன்றைக்குத்தான் வேலையில் சேர்ந்திருந்தாள். நிலாவில் மனுஷன் இறங்கப் போகிறான் என்று டீக்கடை ரேடியோக்கள் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்த ஆனி மாதம் அது. தென்னேரியில் பஸ் ஏறி, வாலாஜாபாத்தில் மாறி, காஞ்சிபுரத்தில் இறங்கி, பிள்ளையார்பாளையத்துச் சந்துகளில் வழி கேட்டுக் கேட்டு வந்து சேர்ந்திருந்தாள். பாலர் பள்ளி என்று பெயர்ப்பலகை இருந்ததே தவிர, அது ஒரு பழைய நெசவு வீடு. கூடத்தில் ஒரு காலத்தில் தறிகள் ஓடியிருக்கின்றன. நெசவு செய்கிறவர் காலைத் தொங்கவிட்டு உட்காரும் குழிகளை மூடிச் சிமென்ட் பூசியிருந்தார்கள். ஒன்றை மட்டும் விட்டுவைத்து, அகலப்படுத்தி, பாலாற்று மணலைக் கொட்டிக் குழந்தைகள் விளையாட விட்டிருந்தார்கள்.

சுற்றிலும் எல்லா வீட்டிலும் தறி. சடக், சடக், சடக் என்று விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை அந்தச் சத்தம் சுவர் வழியாக வந்துகொண்டே இருக்கும். முதல் நாள் கமலாட்சிக்குத் தலை வலித்தது. இரண்டாம் நாள் பழகிவிட்டது. பிறகு அந்தச் சத்தம் இருப்பதே மறந்துவிட்டது.

அந்தச் சத்தம் எதை மறைத்துக்கொண்டிருந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது.

வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. காலையில் கை கால் முகம் பார்த்து, நகம் பார்த்து, பாட்டு. பிறகு மணலில் விரலால் 'அ' எழுதுவது. புளியங்கொட்டையை எண்ணுவது. களிமண்ணில் யானை செய்வது. எல்லோர் யானையும் கொஞ்ச நேரத்தில் கொழுக்கட்டை ஆகிவிடும். லோகாம்பாள் என்று பாட்டி பெயரைச் சுமந்துகொண்டிருந்த ஒரு பொடிப் பெண், எல்லோருக்கும் லோகு, வாயை மூடவே மாட்டாள்.

"நிலாவுக்குப் போறவங்கோ சோறு கட்டிக்கினு போவாங்களா டீச்சர்?"

"போவாங்க."

"அங்க கக்கூஸ் எங்க போவாங்கோ?"

"நீ முதல்ல 'அ' எழுதுடி."

பகலில் பால்பவுடர் பாலும் கோதுமை ரவை உப்புமாவும். பிறகு பாய் விரித்துத் தூக்கம். சாயங்காலம் அழைத்துப்போக ஆள் வர வர, ஒவ்வொரு குழந்தையாக வாசலுக்குப் போய்த் திரும்பி நின்று, "போயிட்டு வரேன் டீச்சர்" என்று கும்பிட வேண்டும். மிச்சமிருக்கிற அத்தனை பேரும் கையை ஆட்டி, அந்தக் குழந்தையின் பேரைச் சொல்லி, "போயிட்டு வா!" என்று ஒரே குரலில் கத்துவார்கள். ஓடு அதிரும். இது முன்பு இருந்த தேவகி டீச்சர் பழக்கிவிட்டது. அந்தத் தேவகி ஏன் நடுவருஷத்தில் வேலையை விட்டுப் போனாள் என்று கேட்டபோது, அம்சா "அவுங்களுக்கு ஒடம்புக்கு ஒத்துக்கலை" என்று சொல்லிவிட்டு விளக்குமாற்றைத் தேடிப் போய்விட்டாள்.

அம்சாவுக்கு முப்பது வயது இருக்கும். ஒல்லி. கூட்டுவது, பெருக்குவது, உப்புமா கிண்டுவது, மூக்குச் சிந்திவிடுவது எல்லாம் அவள்தான். புருஷன் வீராசாமிக்குச் சாயப்பட்டறையில் கூலி வேலை. ஒரு குழந்தையையும் அதட்ட மாட்டாள். ஆனால் யாராவது ஒரு குழந்தை தும்மினால் போதும், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடி வந்து, வாயைத் திறக்கச் சொல்லித் தொண்டையைப் பார்ப்பாள்.

*

சிட்டிபாபு மட்டும் யாரோடும் சேர மாட்டான்.

தெலுங்கு பேசுகிற நெசவுக் குடும்பத்துப் பையன். நாலு வயசு. பெரிய கண்கள். மணல் குழியின் ஒரு ஓரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த உடைந்த நாடா ஒன்றை மணலில் தள்ளித் தள்ளி விளையாடுவான். நூல் சுற்றிய குச்சியை வைத்துத் தறியில் இப்படியும் அப்படியும் எறிவார்களே, அந்த மரக்கட்டை.

"தனியா என்னடா பண்றே?" என்று ஒரு நாள் கேட்டாள் கமலாட்சி.

"கோர்வை டீச்சர்."

அந்த வார்த்தை அவளுக்கு வந்த புதிதிலேயே தெரிந்துவிட்டது. புடவைக்கு உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று நெய்ய ஒரு ஆள் போதாது. இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கத்துக் கரைக்கு எதிரில் ஒருவர். இங்கிருந்து நாடா போனால் அங்கிருந்து வர வேண்டும். அதுதான் கோர்வை.

"எதிர்ல ஆள் இல்லாம எப்படிடா கோர்வை?"

சிட்டிபாபு அவளைப் பாவமாகப் பார்த்தான். ஒன்றும் தெரியாத டீச்சர் என்று நினைத்திருப்பான்.

"ஆள் இல்லாம யாராவது கோர்வை போடுவாங்களா டீச்சர்?"

நாடாவை மணலில் விட்டான். அது சறுக்கிக்கொண்டு எதிர் ஓரத்துக்குப் போய் நின்றது.

கூடத்தின் மறுகோடியில் ஒரு குழந்தை அழுதது. கமலாட்சி திரும்பிப் பார்த்தாள். ஒரு நொடிதான். மறுபடி திரும்பினாள்.

நாடா சிட்டிபாபுவின் கையில் இருந்தது.

அவன் எழுந்திருக்கவில்லை. எட்டி எடுக்கவும் முடியாது. அத்தனை தூரத்துக்கு அவனுக்குக் கை நீளமில்லை.

எதிர் ஓரத்தில் மணல் லேசாகக் குழிந்திருந்தது, சின்னதாக ஒருவர் உட்கார்ந்தால் குழிவதுபோல.

காற்றாக இருக்கும், சரிவாக இருக்கும் என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டு கமலாட்சி எழுந்துபோனாள். போகிறபோது எங்கிருந்தோ ஒரு வாசனை. கற்பூரத்தைத் தேங்காயெண்ணெயில் போட்டுக் காய்ச்சி, சளி பிடித்த குழந்தையின் மார்பில் தேய்ப்பார்களே, அந்த வாசனை.

*

ஆடி பிறந்தது. நிலாவில் ஆள் இறங்கிவிட்டான். லோகு அதைத் தானே போய்ப் பார்த்துவிட்டு வந்ததுபோல் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சிட்டிபாபு மெலிந்துகொண்டே வந்தான்.

உப்புமாவில் பாதிக்கு மேல் அவன் தின்பதே இல்லை. தட்டைப் பக்கத்தில் தள்ளிவிடுவான். பிறகு பார்த்தால் தட்டு காலியாக இருக்கும். ஒரு நாள் கமலாட்சி அருகில் உட்கார்ந்து கவனித்தாள். அவன் ஒரு வாய் எடுத்து நன்றாக மென்றான். விழுங்கவில்லை. உள்ளங்கையில் துப்பிப் பக்கத்தில் நீட்டினான்.

"சீ! என்னடா இது அசிங்கம்?"

"அவளுக்குத் தொண்டையில எறங்கல டீச்சர். மென்னு குடுத்தா சாப்புடுவா."

"எவளுக்கு?"

பதிலை லோகுதான் சொன்னாள், தன் தட்டை நக்கிக்கொண்டே. "பூங்காவுக்கு டீச்சர். பூங்காவனம். ஆயாம்மா பொண்ணு."

"அம்சா பொண்ணா? அது இஸ்கூலுக்கு வர்றதில்லையே?"

லோகுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வந்துக்கினுதான் இருக்குறா. நாங்கதான வரச் சொன்னோம்?"

சமையற்கட்டு வாசலில் அம்சா கரண்டியோடு நின்றிருந்தாள். கமலாட்சி பார்த்ததும் உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் சிட்டிபாபுவின் அம்மா வந்தாள். கண்கள் சிவந்திருந்தன. "ராத்திரி பூரா ஜுரம் டீச்சர். மூச்சு விசில் மாதிரி வருது. டாக்டர் வாயில லைட் அடிச்சிப் பாத்தாரு. தொண்டை சுத்தமா இருக்குது, ஒண்ணுமே இல்லைங்கறாரு. ஊசி போட்டாரு, கேக்கல. இவன் என்னடான்னா இஸ்கூலுக்குப் போவணும், அவ எதிர்ல ஆள் இல்லாம ஒக்காந்துக்கினு இருப்பான்னு அழுவுறான். யாரு டீச்சர் அது?"

"தெரியலைம்மா" என்றாள் கமலாட்சி. சொல்லும்போதே பார்வை மணல் குழிப் பக்கம் போயிற்று.

*

அமாவாசை வந்தது.

அமாவாசை அன்று பிள்ளையார்பாளையத்தில் தறி ஓடாது. எந்த வீட்டிலும் ஒருவரும் நாடாவைத் தொட மாட்டார்கள். கமலாட்சி வந்த பிறகு வந்த முதல் அமாவாசைக்குப் பாலர் பள்ளிக்கே விடுமுறை விட்டிருந்தார்கள். இந்த முறை பள்ளி இருந்தது. ஜுரம் கொஞ்சம் தணிந்து சிட்டிபாபுவும் வந்திருந்தான்.

பகல் தூக்கம். குழந்தைகள் வரிசையாகப் பாயில் படுத்திருந்தார்கள். ஓட்டு இடுக்கு வழியாக வெயில் கோடு கோடாக விழுந்திருந்தது. நல்ல வெளிச்சம். பயப்படுவதற்கு ஒன்றுமே இல்லாத பகல்.

ஆனால் சத்தம் நின்றுபோயிருந்தது. அத்தனை நாள் சுவருக்குள் அடித்துக்கொண்டிருந்த ஒரு பெரிய நெஞ்சு திடீரென்று நின்றதுபோல இருந்தது.

அந்த அமைதியில் குழந்தைகள் மூச்சுவிடுவது கேட்டது. மெத்து மெத்தென்று, ஒன்றோடொன்று கலந்து.

அதற்கு நடுவில் இன்னொன்று.

கீ...ச். கீ...ச்.

ஓலை விசிலை வாயில் வைத்துக்கொண்டு தூங்கினால் வருமே, அப்படி ஒரு மூச்சு. இழுக்கும்போது ஒரு விசில். விடும்போது ஒரு விசில். நடுவில், அடுத்த மூச்சு வருமா வராதா என்று ஒரு நீண்ட இடைவெளி.

சிட்டிபாபுவாக இருக்கும் என்று கமலாட்சி அவன் பக்கம் போனாள். அவன் வாய் மூடித் தூங்கிக்கொண்டிருந்தான். மூச்சு சீராக இருந்தது.

அவன் பக்கத்துப் பாய் காலியாக இருந்தது.

கீ...ச்.

காலிப் பாயின் தலைமாட்டில் அம்சா உட்கார்ந்திருந்தாள். அவள் கை பாயிலிருந்து ஒரு சாண் உயரத்தில், ஒன்றுமில்லாத இடத்தில், மேலும் கீழுமாக மெதுவாகத் தடவிக்கொண்டிருந்தது. உள்ளங்கை எண்ணெயில் மினுமினுத்தது.

கற்பூர வாசனை.

"அம்சா..."

அம்சா நிமிரவில்லை. மற்றக் கையின் விரலை உதட்டில் வைத்தாள்.

"ஷ்... இப்பதான் கண் அசந்தா டீச்சர்."

கமலாட்சிக்கு ஓடிப்போக வேண்டும் என்றுதான் தோன்றியது. ஆனால் அப்படியே சுவரோரம் சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

அம்சா தானாகவே பேசினாள். கை தடவிக்கொண்டே இருந்தது.

"தை மாசம் டீச்சர். தொண்டை அடைப்பான். மொத நாள் எச்சி முழுங்கலை. ரெண்டாம் நாள் மூச்சு இந்த மாதிரி. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு ஓடறதுக்குள்ள... வழியிலயே என் தோள்லயே நின்னு போச்சி."

காலிப் பாயில் அந்த விசில் இழுத்துக்கொண்டே இருந்தது.

"எங்க தெருச் சாவு இந்தப் பக்கமா போறதில்ல. அன்னிக்கி எங்க வூட்டுக்காரரு யாரு சொன்னாலும் கேக்கல. 'இஸ்கூலு இஸ்கூலுன்னு உசுரா இருந்தவ, ஒரு தபா அந்த வாசலப் பாத்துக்கினு போவட்டும்'னு துணியில சுத்தி ரெண்டு கையிலயும் ஏந்திக்கினு இப்படியே வந்தாரு. நான் பின்னாலயே வந்தேன். தேவகி டீச்சர் பாவம், கதவ சாத்தத்தான் ஓடியாந்தாங்கோ. அதுக்குள்ள இதுங்கல்லாம் வாசலுக்கு வந்துடுச்சி. துணிக்கு வெளிய மூஞ்சி தெரிஞ்சிது. 'தோ பூங்கா வூட்டுக்குப் போறா'ன்னு லோகு சொல்லிச்சி. சொல்லிட்டு..."

அம்சாவின் கை நின்றது.

"அத்தினி பேரும் கைய ஆட்டி, 'போயிட்டு வா, பூங்காவனம்'னு சொன்னாங்கோ டீச்சர்."

கமலாட்சி பாயில் தூங்குகிற குழந்தைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

சாவு வீட்டிலிருந்து புறப்படுகிறவர்கள் போய் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு புறப்படமாட்டார்கள். பேசாமல் எழுந்து போய்விடுவார்கள். போகிற பிணத்தைப் பார்த்து வா என்று எந்த வாயும் சொல்லாது. பெரியவர்கள் யாருக்கும் இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. குழந்தைகளுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? அவர்களுக்குச் சொல்லித்தந்தது ஒன்றே ஒன்றுதான். யார் புறப்பட்டாலும் பேர் சொல்லி, கை ஆட்டி, வா என்று சொல்ல வேண்டும்.

"மறாநாளு மணி அடிச்சதும் வந்துட்டா" என்றாள் அம்சா. அவள் முகத்தில் அழுகை இல்லை. பெருமையோ என்றுகூடத் தோன்றியது. "சொன்ன பேச்சைத் தட்டவே மாட்டா டீச்சர், என் பொண்ணு."

*

அன்று மாலை பள்ளி விட்டதும் கமலாட்சி சிட்டிபாபு வீட்டுக்குப் போனாள். பகலில் தூங்கி எழுந்தவனுக்கு மறுபடி ஜுரம் ஏறி, அவன் அப்பா வந்து தூக்கிப் போயிருந்தார். கழுத்து வீங்கியிருந்தது. கண் செருகியிருந்தது. ஆனால் வலது கை மட்டும் போர்வைக்கு மேல் ஓயாமல் அசைந்தது. எதையோ எறிவதும், பிடிப்பதும், எறிவதுமாக. ஒவ்வொரு எறிதலுக்கும் நெஞ்சிலிருந்து ஒரு விசில்.

"கோர்வை போடுறான்" என்றார் அவன் அப்பா, சுவரைப் பார்த்துக்கொண்டு. தறிக்காரர். அவருக்குத் தெரியாதா?

எதிர்ப் பக்கத்திலிருக்கிற ஆள் இவனையும் தன் பக்கத்துக்கு இழுத்துக்கொண்டிருக்கிறாள் என்று கமலாட்சிக்குத் தெரிந்தது. வேண்டுமென்று இல்லை. விளையாட ஆள் வேண்டும், அவ்வளவுதான். அந்தக் குழந்தைக்கு வேறு என்ன தெரியும்?

மறுநாள் காலை குழந்தைகள் வருவதற்கு முன்னால் அவள் அம்சாவைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்சா, அந்தப் பையன் போயிடுவான். நீயே பாத்தே இல்ல? நீ சொன்னா பூங்கா கேப்பா. போன்னு ஒரு வார்த்தை சொல்லு."

"கிட்டப் போவாதடின்னு தெனம் சொல்லிக்கினுதான் இருக்குறேன்."

"கிட்டப் போவாதேன்னு இல்ல. போன்னு."

அம்சா கையிலிருந்த விளக்குமாற்றைக் கீழே வைத்தாள். "பெத்த வாய் டீச்சர் இது. நீங்க பெத்திருந்தா கேப்பீங்களா இத?"

கமலாட்சிக்குக் கல்யாணம் ஆகியும் குழந்தை இல்லை. அம்சாவுக்கு அது தெரியும். சொல்லிவிட்டு அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"தப்பா எடுத்துக்காதீங்கோ."

"இல்லை. நீ சொன்னது சரிதான்." கமலாட்சி கீழே கிடந்த விளக்குமாற்றை எடுத்துச் சுவரில் சாய்த்தாள். "வான்னு சொன்னது நீ இல்லையே. பிள்ளைங்கதானே? அவங்களே சொல்லட்டும். நீ தடுக்காம இரு, போதும். சிட்டிபாபுவும் ஒருத்தி பெத்ததுதான், அக்கா."

அதுவரை அந்தத் தெருவில் யாரும் அம்சாவை அக்கா என்று கூப்பிட்டதில்லை. அவள் தலை குனிந்தாள். பிறகு சரி என்று தலையசைத்தாள்.

*

அன்றைய பாடம் அதுதான்.

"இன்னிக்கி ஒரு புது விளையாட்டு" என்று ஆரம்பித்தாள் கமலாட்சி. "நான் சொன்னதும் எல்லாரும் வாசலைப் பாத்து, 'போ, பூங்காவனம்'னு சொல்லணும்."

"போயிட்டு வா, பூங்காவனம்!" என்றது கூட்டம், பழக்கத்தில்.

"இல்லை. வா வேண்டாம். போ மட்டும்."

குழந்தைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். லோகு எழுந்து நின்றுவிட்டாள்.

"போன்னு சொன்னா எங்கம்மா வாயிலயே போடுவாங்கோ டீச்சர்."

"இன்னிக்கி ஒரு நாள் சொல்லலாம்."

"அவ இன்னா தப்பு செஞ்சா?"

கமலாட்சி லோகுவின் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"தப்பு ஒண்ணும் செய்யலை. அவளுக்குத் தூக்கம் வருது. நாம கூப்பிட்டுக்கினே இருந்தா எப்படித் தூங்குவா? சிட்டிபாபுவுக்கும் ஜுரம். ரெண்டு பேரும் தூங்க வேணாமா?"

தூக்கம் என்றதும் புரிந்துவிட்டது. அது அவர்களுக்குத் தெரிந்த விஷயம். தலையாட்டினார்கள்.

சாயங்காலம் அழைத்துப்போக யாரும் வருமுன், கமலாட்சி எல்லோரையும் மணல் குழிக்கு இந்தப் பக்கம் நிற்க வைத்தாள். அம்சா தெருவாசல் நிலையில் சாய்ந்து நின்றிருந்தாள். புடவைத் தலைப்பை வாயில் அடைத்திருந்தாள்.

பக்கத்து வீடுகளில் தறி ஓடிக்கொண்டுதான் இருந்தது. சடக், சடக்.

கமலாட்சி கையை உயர்த்தினாள்.

"போ... பூங்காவனம்."

முதலில் சொன்னவர்கள் நாலைந்து பேர்தான். குரலே எழும்பவில்லை.

தறிகள் நின்றன.

ஒவ்வொன்றாக இல்லை. தெரு முழுக்க ஒரே சமயத்தில்.

கீ...ச்.

மணல் குழியின் எதிர் ஓரம். கீ...ச். மணலில் ஒரு சின்னக் குதிகால் அழுந்தியது. பிறகு இன்னொன்று. எழுந்து நிற்கிற மாதிரி.

பார்த்துக்கொண்டே இருந்தார்கள் குழந்தைகள். ஒருவரும் பயப்படவில்லை. பயந்தது கமலாட்சி ஒருத்திதான்.

"இன்னொரு தபா சொல்லுங்க கண்ணு" என்றாள். அது அவள் குரல் மாதிரியே இல்லை.

"போ, பூங்காவனம்."

இப்போது எல்லோரும் சொன்னார்கள். சொல்லி முடிக்கும்போது ஒரு குழந்தை விம்மியது. பிறகு இன்னொன்று. யாரும் கை ஆட்டவில்லை. லோகு ஒருத்தி மட்டும் பழக்கத்தில் கையைத் தூக்கி, பாதியில் நிறுத்தி, முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

அந்த விசில் மூச்சு அவர்களைக் கடந்தது. மெதுவாகத்தான் போனது. நடுவில் ஒரு முறை நின்றது. திரும்பிப் பார்க்கிறதோ என்று கமலாட்சி கண்ணை மூடிக்கொண்டாள். கற்பூரத் தைல வாசனை முகத்தருகே வந்து, விலகி, வாசல் பக்கம் போயிற்று.

கண் திறந்தபோது அம்சா நிலைப்படியில் மண்டியிட்டிருந்தாள். ஒரு கை எதையோ அணைத்ததுபோல வளைந்திருந்தது. உதடு அசைந்தது. பிறகு அந்தக் கை மெல்ல, மெல்ல, காலியாகத் தரையில் விழுந்தது.

சடக். எங்கோ ஒரு தறி. சடக், சடக். தெரு முழுக்கத் தறிகள் ஓட ஆரம்பித்தன.

*

சிட்டிபாபுவுக்கு அன்று இரவே ஜுரம் விட்டது. விடிந்ததும் கஞ்சி கேட்டான். அடுத்த வாரம் அம்மா இடுப்பில் உட்கார்ந்து பள்ளிக்கு வந்தான். கழுத்து பழையபடி ஆகிவிட்டிருந்தது.

வந்ததும் நேராக மணல் குழிக்குப் போய் நாடாவைத் தள்ளினான். அது எதிர் ஓரத்துக்குப் போய் நின்றது. அவன் காத்திருந்தான். நாடா அங்கேயே கிடந்தது. இன்னும் கொஞ்சம் காத்திருந்தான். பிறகு தானே எழுந்து, சுற்றிப்போய், எடுத்து வந்து மார்போடு வைத்துக்கொண்டு, உதடு பிதுங்க அழுதான். சத்தமே இல்லாத அழுகை. லோகு அதைப் பார்த்துவிட்டு, "ஏய், நான் வரேன்டா" என்று எதிரில் போய் உட்கார்ந்தாள். அவளுக்குக் கோர்வை வராது. நாடாவைக் கோணல்மாணலாக எறிந்தாள். ஆனாலும் விளையாடினார்கள்.

கமலாட்சி சமையற்கட்டுக்குப் போய்த் தனியாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். போய்விட்டாள் குழந்தை. இனி யாருக்கும் ஒன்றுமில்லை.

அம்சா அடுப்புக்கு எதிரில் முதுகைக் காட்டி உட்கார்ந்து பால் கலக்கிக்கொண்டிருந்தாள். இந்த ஒரு வாரத்தில் ரவிக்கை தொளதொளவென்று ஆகியிருந்தது. அந்த வெக்கையிலும் கழுத்தைச் சுற்றி ஒரு துண்டைக் கட்டியிருந்தாள்.

"என்ன அக்கா, கழுத்துல துண்டு? சாப்பிடறதே இல்லையா நீ?"

"எறங்கல டீச்சர்."

குரல் கம்மியிருந்தது. கமலாட்சி இன்னும் கொஞ்சம் கிட்டப் போனாள். அம்சாவின் மடியில் புடவை லேசாகக் குழிந்திருந்தது. இடது கை அந்தக் குழிவின் மேல் வளைந்திருந்தது, ஏதோ நழுவிவிடாமல் பிடித்துக்கொண்டதுபோல. அவள் மூச்சை இழுத்தபோது நெஞ்சுக்குள்ளிருந்து மெல்லிசாக ஒரு விசில் வந்தது.

"அக்கா... அன்னிக்கி வாசல்ல அவகிட்ட நீ என்ன சொன்னே?"

அம்சா திரும்பினாள். கன்னம் ஒட்டிய அந்த முகத்தில், அத்தனை நாளில் முதல் தடவையாக ஒரு நிறைந்த சிரிப்பு இருந்தது.

"இனிமே இஸ்கூலுக்கு வராதடி, அம்மாகிட்ட வந்துடுன்னேன் டீச்சர்."